வகுப்புப்படி பிரிப்பதா, நிலைப்படி பிரிப்பதா: வாசிப்பு முகாமுக்கு 12 லட்சம் கொடுக்கலாமா?

#1 ஏரிக்கரை

ஒரு நூற்பாலையின் சிஎஸ்ஆர் (நிறுவன சமூகப் பொறுப்பு நிதி) குழு ஓராண்டுக்கு 12 லட்சம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறது. தமிழ்நாட்டில் ஒரே ஒன்றியத்தில் 20 அரசுத் தொடக்கப் பள்ளிகள். எல்லாமே ஈராசிரியர் பள்ளிகள். 3 முதல் 5ஆம் வகுப்பு வரை பள்ளிக்குச் சராசரி 36 பிள்ளைகள்.

ஒரு கல்வித் தொண்டு நிறுவனம் கொடுத்திருக்கும் திட்டம் சுருக்கமாக இதுதான்: பிள்ளைகளை ஒவ்வொருவராக உட்கார வைத்து வாய்மொழியாகச் சோதிப்பார்கள். பிறகு எந்த வகுப்பு என்று பார்க்காமல், வாசிக்கும் நிலைப்படி குழுவாகப் பிரிப்பார்கள். பத்துப் பத்து நாளாக ஐந்து முகாம், ஆக 50 நாள், நாளுக்கு மூன்று மணி நேரம். பள்ளிக்கு இரண்டு உள்ளூர்த் தன்னார்வலர்கள். பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு வட மாநிலங்களில் நடத்திய முகாம்தான் முன்மாதிரி என்கிறார்கள்.

குழுவில் பாதிப்பேர் சரி என்கிறார்கள். மீதிப்பேர், "அரசே 'எண்ணும் எழுத்தும்' என்ற அடிப்படை வாசிப்பு, கணக்குத் திட்டத்தை நடத்துகிறது, இது எதற்கு? பேசாமல் ஸ்மார்ட் போர்டு வாங்கிக் கொடுத்துவிடலாம்" என்கிறார்கள். போர்டை இங்கே விட்டுவிடுவோம். முகாம் தேவையா, தேவையென்றால் ஒப்பந்தத்தில் எதை எழுதி வாங்க வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 நாலாம்படி

கொடுக்கலாம். காரணம் எளிமையானது. ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் கையில் ஐந்தாம் வகுப்புப் புத்தகம் இருக்கிறது, எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பலருக்கு இரண்டாம் வகுப்புப் பாடமே ஓடவில்லை. பிள்ளைகளை வீட்டிலேயே சோதிக்கும் ஏசர் கணக்கெடுப்பு 2005 முதல் இதைத்தான் சொல்லி வருகிறது. இந்தியக் கிராமப்புறங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் 2018இல் 27.3 சதவீதம், கொரோனாவுக்குப் பின் 2022இல் 20.5, 2024இல் 27.1. அதாவது நல்ல ஆண்டிலும் நாலில் மூன்று பேர் பின்தங்கியே இருக்கிறார்கள்.

சோதனை இப்படி நடக்கும். பிள்ளையிடம் முதலில் நாலு வரிப் பத்தி ஒன்றைக் கொடுப்பார்கள். மூன்று தவறுக்கு மேல் போகாமல், திக்காமல் வாசித்தால் அடுத்து கதை. பத்தியில் தடுமாறினால் கீழே இறங்கிச் சொல் பட்டியல்: ஐந்து சொல்லில் நாலு சரியாக வேண்டும். அதுவும் வராவிட்டால் எழுத்து, அங்கேயும் ஐந்துக்கு நாலு. எழுத்தும் தெரியாவிட்டால் ஆரம்ப நிலை. கணக்கில் கடன் வாங்கிக் கழிக்கும் இரண்டு கணக்கில் தொடங்குவார்கள். இரண்டும் சரியென்றால் மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுப்பது. தவறினால் இரண்டிலக்க எண், பிறகு ஓரிலக்க எண்.

இந்தப் பள்ளிகளில் 36 பேரைப் பிரித்தால் உத்தேசமாக ஆரம்பம்-எழுத்து 14, சொல் 10, பத்தி-கதை 12 என்று வரும். மூன்று குழுவுக்கு மூன்று பெரியவர்கள் வேண்டும். இரண்டு தன்னார்வலர், ஒரு ஆசிரியர். இன்னொரு ஆசிரியர் 1, 2ஆம் வகுப்பைப் பார்த்துக்கொள்வார். மூன்று மணி நேரத்தில் பாதி மொழி, பாதி கணக்கு. மொழி நேரத்தில் தினமும் நாலு வேலை: கதையை உரக்க வாசிப்பது, உயிர்மெய் அட்டவணையை வரிசையாகவும் குறுக்காகவும் சொல்வது, ஒரு சொல்லை நடுவில் எழுதிச் சுற்றிலும் சொல்வலை பின்னுவது, பிள்ளை தானாக ஏதாவது எழுதுவது. பத்தாம் நாள் மறு சோதனை, மேலே போனவர் குழு மாறுவார்.

#3 கரும்பலகை

நாலாம்படி சொன்ன எதையும் அரசுப் பள்ளிக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. எண்ணும் எழுத்தும் 2022 ஜூனில் 1 முதல் 3ஆம் வகுப்பு வரை தொடங்கி, அடுத்த ஆண்டே 4, 5க்கும் வந்துவிட்டது. அதில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாக வைப்பது நிலைப்படி பிரிப்பதல்லாமல் வேறென்ன? அதற்கும் முன்னால் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கிப் பின்னர் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல், ஏணிப்படியும் அட்டையுமாக, அவரவர் வேகத்தில் ஏற விட்டது. ஒவ்வொரு முறையும் ஏணியின் பெயர்தான் மாறுகிறது.

ஆனால் ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்பு, இரண்டு பேர். ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போனால் ஒருவர். எமிஸில் (அரசின் பள்ளித் தகவல் இணையதளம்) பதிவேற்ற வேண்டியதைப் பதிவேற்றி முடித்துப் பாடத்துக்கு வரும்போது காலை போய்விடுகிறது. நோய் ஆள் பற்றாக்குறை. தொண்டு நிறுவனம் கொடுப்பது வாசிப்பு அட்டை.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 நாள், 800 மணி நேரம். முகாம் எடுத்துக்கொள்வது 50 நாள், 150 மணி நேரம். ஐந்தில் ஒரு பங்குக்குக் கிட்டத்தட்ட. சூழ்நிலையியல், ஆங்கிலம், விளையாட்டு எல்லாம் எதிலிருந்து கழியும் என்பது அந்தத் திட்ட அறிக்கையில் இருக்கிறதா?

அப்புறம் தன்னார்வலர். பன்னிரண்டாவது முடித்த, வேலையில்லாத பெண்ணுக்குப் பெட்ரோல் காசு கொடுத்துவிட்டு "சமூகப் பங்களிப்பு" என்று படம் போடுவது. 2000களின் தொடக்கத்தில் மும்பையிலும் வதோதராவிலும் பின்தங்கிய பிள்ளைகளுக்கு உள்ளூர்ப் பெண்களை வைத்துப் பிரதம் நடத்திய பால்சகி திட்டத்தில் அந்தப் பெண்களுக்கு மாதம் 500 முதல் 750 ரூபாய். கொரோனாவுக்குப் பின் தமிழ்நாடு அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் 1,000 ரூபாய். இருபது ஆண்டில் ஏறியது அவ்வளவுதான்.

#4 நாலாம்படி

கரும்பலகை சார், கூலி பற்றி நீங்கள் சொன்னதோடு எனக்குச் சண்டையில்லை. நாளுக்கு 300 ரூபாய்க்குக் குறைவாக ஒப்பந்தம் போட்டால் கையெழுத்துப் போடாதீர்கள் என்றுதான் நானும் சொல்வேன்.

"ஏற்கெனவே அரசு செய்கிறது" என்பதோடு சண்டை உண்டு. பிரதம் விஷயத்தில் பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவினர் வெற்றிகளை மட்டும் அளக்கவில்லை, தோல்விகளையும் அளந்தார்கள். உத்தரப் பிரதேசம் ஜான்பூரில் கிராமக் கூட்டம் போட்டு, "உங்கள் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியவில்லை, கல்விக் குழு கேள்வி கேட்கலாம்" என்று சொல்லிப் பார்த்தார்கள். பள்ளியில் ஒன்றும் அசையவில்லை. தன்னார்வலர் நடத்திய வாசிப்பு முகாமுக்குப் போன பிள்ளைகள் மட்டும் முன்னேறினார்கள், ஆனால் போனவர்கள் எட்டு சதவீதம்தான். பீகாரிலும் உத்தராகண்டிலும் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் பொருளும் கொடுத்துவிட்டு வந்தார்கள். பலனில்லை. அதே பீகாரில், அதே அரசு ஆசிரியர்கள், 2008 கோடையில் ஒரு மாதம் முகாம் நடத்தியபோது பிள்ளைகள் வாசித்தார்கள்.

கவனியுங்கள், ஆள் அதே ஆள், முறையும் அதே முறை. கோடையில் பாடத்திட்டத்தை முடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். பள்ளி திறந்ததும் புத்தகம் ஜெயித்துவிடுகிறது. ஹரியானாவில் 2012-13இல் இதைச் சரிசெய்யத் தினமும் ஒரு மணி நேரத்தை இதற்கென்றே ஒதுக்கி, அந்த நேரத்தில் வகுப்புகளைக் கலைத்து நிலைப்படி உட்கார வைத்தார்கள். மேற்பார்வையிடும் வட்டார அலுவலர்கள் முதலில் தாங்களே பள்ளியில் 15, 20 நாள் பாடம் நடத்திய பிறகுதான் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். மொழியில் 0.15 திட்ட விலக்கம் முன்னேற்றம் (பிள்ளைகளின் மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதுதான் திட்ட விலக்கம், முன்னேற்றத்தை அந்த அலகில் சொல்வார்கள்). உத்தரப் பிரதேசத்தில் 2013-14இல் பிரதம் ஆட்களே 50 நாள் முகாம் நடத்தியபோது அது 0.7 வரை போனது. 12 லட்சத்துக்குக் கேட்பது அந்த 50 நாளைத்தான். ஆகவே அரும்பு-மொட்டு-மலர் என்று பெயர் இருக்கிறதா என்பது கேள்வியில்லை. அரும்பில் இருக்கும் நாலாம் வகுப்புப் பிள்ளையும் அரும்பில் இருக்கும் மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் ஒரே வட்டத்தில் உட்கார ஒரு மணி நேரம் உண்மையிலேயே கிடைக்கிறதா என்பதுதான் கேள்வி.

#5 கரும்பலகை

பால்சகி ஆய்வை முழுதாகச் சொல்லவில்லையே. இரண்டாம் ஆண்டு முடிவில் 0.28 திட்ட விலக்கம். திட்டம் முடிந்து ஓராண்டு கழித்துப் பார்த்தால் சுமார் 0.1. பின்தங்கியவர்களை வெளியே அனுப்பியதால் வகுப்பில் மிஞ்சிய பிள்ளைகளுக்கு, கூட்டம் குறைந்தும், ஒரு பலனும் இல்லை. நிறுவனம் போனதும் கரைகிற முன்னேற்றத்துக்கு ஏன் 12 லட்சம்?

#6 மணல்தொட்டி

இரண்டு பேரும் எட்டு வயதுப் பிள்ளைக்காகச் சண்டை போடுகிறீர்கள். பள்ளம் விழுவது மூன்று வயதில்.

தமிழ்நாட்டு அங்கன்வாடிகளிலேயே நடந்த ஆய்வு ஒன்று இருக்கிறது, அதை யாரும் எடுக்கவில்லை. கனிமியன், முரளிதரன், வால்டர்ஸ் என்ற ஆய்வாளர்கள் செய்தது. நாலு மாவட்டங்களில் 320 மையங்கள். பாதி மையங்களில் முன்பருவக் கல்விக்கு மட்டும் என்று அரைநாள் பணியாளர் ஒருவரைக் கூடுதலாகப் போட்டார்கள். வேறொன்றும் மாற்றவில்லை. முன்பருவக் கல்விக்குக் கிடைத்த நேரம் இரட்டித்தது. பதினெட்டு மாதத்தில் கணக்கில் 0.29, மொழியில் 0.46 திட்ட விலக்கம் முன்னேற்றம். ஏற்கெனவே இருந்த பணியாளருக்கு எடை பார்க்கவும் ஊட்டச்சத்தைக் கவனிக்கவும் நேரம் கிடைத்ததால் வளர்ச்சிக் குறைபாடும் குறைந்தது. ஒரு ஆளுக்கு இரண்டு பலன்.

அங்கன்வாடியில் ஒரு காலை எப்படிப் போகிறது என்று பாருங்கள். வருகை, இணை உணவு, எடை, வளர்ச்சி வரைபடம், போஷன் டிராக்கர் என்ற ஊட்டச்சத்துச் செயலியில் பதிவு, கர்ப்பிணி வீட்டுக்கு ஒரு நடை, சமையல் மேற்பார்வை. பல ஊர்களில் வாக்காளர் பட்டியல் வேலையும் அதே பணியாளர் தலையில்தான். அங்கன்வாடிப் பாடநூலான 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா'வில் மாதத்துக்கு ஒரு தலைப்பு வைத்து அருமையாகத்தான் எழுதியிருக்கிறார்கள். அதை எந்த நேரத்தில் நடத்துவது?

பத்து மையத்துக்கு ஆளுக்கு மாதம் 5,000 வீதம் பத்து மாதம், 5 லட்சம். முகாமைப் பத்துப் பள்ளியாகச் சுருக்கிவிட்டு மீதியை இங்கே போடுங்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை. அந்தக் கூடுதல் ஆள் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிக்கொடுக்காவிட்டால், முதல் வாரத்திலேயே சிலேட்டில் அ, ஆ எழுத வைத்துவிடுவார். பெற்றோரும் அதைத்தான் கேட்பார்கள், வீட்டுப்பாடம் வேண்டும் என்பார்கள். மூன்று வயதில் விரல் எலும்பும் தசையும் பென்சிலுக்குத் தயாரில்லை. அந்த வயதுக்கு வேண்டியது களிமண் பிசைவது, காகிதம் கிழிப்பது, மணி கோப்பது, புளியங்கொட்டையை நிறம் பார்த்தும் அளவு பார்த்தும் பிரிப்பது, ஒரு கொட்டைக்கு ஒரு எண் என்று தொட்டுத் தொட்டு எண்ணுவது. "இருபது வரை சொல்லு" என்றால் பாட்டுப் போல ஒப்பிக்கும் குழந்தை, "ஏழு கொட்டை எடுத்துக் கொடு" என்றால் கை நிறைய அள்ளிக் கொடுக்கும். அந்த இடைவெளியை மூடுவதுதான் முன்பருவக் கணக்கு. மொழிக்கு, தினமும் ஒரு கதை, படம் காட்டி, நடுவில் நிறுத்தி "அடுத்து என்ன ஆகும்?" என்று கேட்டு. அவ்வளவுதான்.

#7 நாலாம்படி

மணல்தொட்டி சொல்வது சரி, ஆனால் இப்போது நாலாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை திரும்பி அங்கன்வாடிக்குப் போக முடியாது. அதற்கு இன்னும் இரண்டு ஆண்டுதான் தொடக்கப் பள்ளி மிச்சம்.

#8 உயிர்மெய்

இந்தியில் செய்த முறையைத் தமிழுக்கு அப்படியே இறக்கினால் எங்கே உடையும் என்று யாரும் பேசவில்லை. முகாமின் தலையெழுத்து அங்கேதான் இருக்கிறது.

முதலாவது, எழுத்து நிலை. 247 எழுத்து என்று மலைக்க வேண்டாம், பெரும்பாலான உயிர்மெய்க்கு விதி உண்டு. கால் (கா), மேல் விலங்கு (கி), கொம்பு (கெ) எல்லாம் 18 மெய்க்கும் ஒரே மாதிரி வரும். உகர வரிசையில்தான் பிள்ளை மாட்டிக்கொள்கிறது. கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு சாயல். ஙு, சு, பு, யு, வு இன்னொரு சாயல். ஞு, ணு, து, நு, லு, று, னு மூன்றாவது சாயல். 'கு' தெரிந்த பிள்ளை 'து'வை ஊகிக்க முடியாது. ஆகவே உகர ஊகார வரிசையை மட்டும் பொது அட்டவணையில் ஓட்டாமல், இந்த மூன்று கொத்தாகப் பிரித்து, முகாமில் மூன்று தனி நாள் கொடுக்க வேண்டும்.

அடுத்து கொம்பு. 'கொ' என்பதில் ஒலியின் பாதி எழுத்துக்கு இடப்பக்கம், பாதி வலப்பக்கம். இடமிருந்து வலம் விரல் வைத்து வாசிக்கப் பழகிய பிள்ளை 'கெ' என்று சொல்லிவிட்டு, தனியாக நிற்கும் காலைப் பார்த்துத் திகைக்கும். சில பிள்ளைகள் காலை 'ர' என்று வாசிக்கும், 'கா' என்பது 'கர' ஆகிவிடும். இது அச்சின் கோளாறும்கூட. காலும் 'ர'வும் ஒன்று போல இருக்கும் எழுத்துருவில் சோதனைத் தாளை அச்சடித்தால் பிள்ளைமேல் பழி. 'கௌ' இருக்கும் சொல்லை எழுத்து நிலைத் தாளில் வைக்கவே கூடாது, பெரியவர்களே 'கெள' என்று வாசிப்பார்கள்.

மூன்றாவது, பேச்சும் எழுத்தும். தாளில் 'வந்தார்கள்' என்று இருக்கும், பிள்ளை 'வந்தாங்க' என்று வாசிக்கும். தவறா? பொருளைப் பிடித்துக்கொண்டு வாசிக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆனால் ஒரு தன்னார்வலர் தவறென்று போடுவார், இன்னொருவர் விட்டுவிடுவார், இரண்டு பள்ளியின் எண்ணையும் ஒப்பிட முடியாமல் போகும். பயிற்சியின் முதல் நாளிலேயே முடிவெடுத்து எழுதிவைக்க வேண்டும். என் கருத்து: பத்தியிலும் கதையிலும் தவறாகக் கொள்ள வேண்டாம், சொல் நிலையில் மட்டும் கொள்ளலாம், ஏனென்றால் அங்கே சோதிப்பது எழுத்துக் கூட்டுவதை.

நாலாவது வேகம். மத்திய அரசின் அடிப்படைக் கல்வித் திட்டமான நிபுன் பாரத்தின் இலக்கில் மூன்றாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்கு 60 சொல் என்று இருக்கிறது. இந்தியில் 'ஆ ரஹே தே' மூன்று சொல். தமிழில் 'வந்துகொண்டிருந்தார்கள்' ஒரே சொல், பன்னிரண்டு எழுத்து. இரண்டுக்கும் ஒரே கடிகாரமா? 2022இல் என்சிஇஆர்டி (தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுமம்) நடத்திய அடிப்படைக் கற்றல் ஆய்வு 20 மொழிக்கும் தனித்தனி அளவுகோல் வைத்தது இதனால்தான். தொண்டு நிறுவனத்தின் திட்ட அறிக்கையில் 60 என்ற எண் இருந்தால் அடித்துவிடுங்கள். கடிகாரம் வைத்தால் பிள்ளை முதல் எழுத்தைப் பார்த்து ஊகித்துக்கொண்டு ஓடும்.

#9 கரும்பலகை

உயிர்மெய் அம்மா சொன்னதில் ஒரு வரிகூட அந்த முகாம் அறிக்கையில் இருக்காது என்று பந்தயம் கட்டலாம்.

என் பெரிய சந்தேகம் சோதனையை யார் எடுப்பது என்பதில். அதே தன்னார்வலர் ஒன்பது நாள் பாடம் நடத்தி, பத்தாம் நாள் அதே பிள்ளையைச் சோதித்து, தாளில் குறிக்கிறார். எழுத்து நிலைப் பிள்ளைகளில் இத்தனை பேர் சொல் நிலைக்குப் போனால்தான் அடுத்த முகாமுக்குப் பணம் என்றிருந்தால், அத்தனை பேர் போயிருப்பார்கள். பொய் சொல்ல வேண்டியதில்லை. சோதிப்பவர் உதட்டை அசைத்துக் காட்டினால் போதும், "ப... பட்..." என்று. மத்தியப் பிரதேசத்தில் அரசுப் பள்ளிகள் எடுத்த தேர்வின் அதே கேள்விகளை வெளியாட்கள் திரும்ப வைத்துப் பார்த்தபோது, இரண்டு மதிப்பெண்ணுக்கும் இடையே பெரிய பள்ளம் தெரிந்தது. ஆசிரியரைச் சொல்லும் அந்தக் குற்றம் தொண்டு நிறுவனத்துக்கும் பொருந்தும்.

#10 நாலாம்படி

பொருந்தும், மறுக்கவில்லை. அதற்குச் செய்ய வேண்டியவை தெரிந்தவைதான். தாள் ஒரே மாதிரி இருக்கக் கூடாது, குறைந்தது நாலு மாதிரி வேண்டும், இல்லாவிட்டால் திண்ணையில் காத்திருக்கும் பிள்ளை கேட்டே மனப்பாடம் செய்துவிடும். சோதனை மற்றவர் காதுக்கு எட்டாத இடத்தில். ஒரு பிள்ளைக்கு இரண்டு பாடத்துக்கும் சேர்த்துப் பத்து நிமிடம் ஆகும், 36 பேரை ஒருவர் ஒரே நாளில் முடித்தேன் என்றால் நம்பாதீர்கள். ஒரு பள்ளித் தன்னார்வலர் அடுத்த பள்ளியில் சோதிக்க வேண்டும். அதற்கும் மேல், சம்பந்தமில்லாத ஒருவர் பள்ளிக்குப் பத்துப் பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்கி எடுத்து மறுபடி சோதிக்க வேண்டும். தேர்ச்சி எண்ணிக்கையைப் பணத்தோடு முடிச்சுப் போடுவதை விட்டுவிட்டு, நடந்த முகாம் நாளோடு முடிச்சுப் போடுங்கள்.

இன்னொன்று, சோதனைத் தாளைச் சரி-தவறு என்று மட்டும் பார்க்காதீர்கள். 63இல் 28 கழிக்கச் சொன்னால் 45 என்று எழுதும் பிள்ளைக்குக் கழித்தல் தெரியாமல் இல்லை, ஒன்றாம் இடத்தில் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துவிட்டது. அதற்கு வேண்டியது பத்துக் கட்டை அவிழ்ப்பது: ஆறு கட்டு, மூன்று உதிரிக் குச்சி, எட்டு எடுக்க முடியவில்லை, ஒரு கட்டை அவிழ். இரண்டு நாளில் சரியாகும். 91 என்று எழுதும் பிள்ளை கூட்டிவிட்டது, கணக்கின் குறியையே பார்க்கவில்லை. 35க்குப் பதில் 36 எழுதும் பிள்ளைக்கு விரல் எண்ணிக்கை மட்டும் தவறு. மூவரும் பட்டியலில் "கழித்தல் தெரியாது". மூவருக்கும் மருந்து வேறு.

#11 கணக்குப்பேரேடு

எல்லாரும் லட்சத்தில் பேசுகிறீர்கள், கூட்டிப் பார்க்கலாம்.

தன்னார்வலர்: 20 பள்ளி, தலா 2 பேர், 50 நாள், 300 ரூபாய். 6,00,000. மேற்பார்வையாளர் இருவர், மாதம் 18,000, பத்து மாதம்: 3,60,000. பொருள், பள்ளிக்கு 3,000 வீதம்: 60,000. ஐந்து நாள் பயிற்சி, 40 பேர், உணவும் போக்குவரத்தும் ஆளுக்கு நாளுக்கு 250: 50,000. மொத்தம் 10,70,000. 720 பிள்ளைகள், தலைக்கு சுமார் 1,490 ரூபாய்.

இதில் குறைக்கச் சொல்லி முதலில் கைவைப்பது மேற்பார்வையாளர் சம்பளத்தில்தான் இருக்கும். "நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல் கூடாது" என்று யாராவது விதியைக் காட்டுவார்கள். அந்த 5 சதவீதம் ஆலை தன் சிஎஸ்ஆரை நிர்வகிக்கும் செலவுக்கு. தொண்டு நிறுவனம் களத்தில் திட்டத்தை நடத்தும் செலவு அதில் வராது. மேற்பார்வையை வெட்டினால், பயிற்சியும் பொருளும் கொடுத்துவிட்டு வந்ததாக நாலாம்படி சொன்ன பீகார் கதைதான்.

இருபது பள்ளியிலும் ஒரே நேரத்தில் முகாம் வைத்தால் ஒரு மேற்பார்வையாளருக்குப் பத்துப் பள்ளி, முகாமுக்கு ஒரு தடவைதான் எட்டிப் பார்க்க முடியும். பத்துப் பத்தாகப் பிரித்து அடுத்தடுத்து வையுங்கள். ஐந்து பள்ளி, பத்து நாள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வருகை. முதல் வருகை ஐந்தாம் நாளுக்குள், அதற்குப் பிறகு போனால் பிழை பழகிவிடும்.

மற்றபடி, தொண்டு நிறுவனத்திடம் சிஎஸ்ஆர்-1 (சிஎஸ்ஆர் பணம் பெற அரசிடம் செய்யும் பதிவு) எண்ணைக் கேட்டு வாங்குங்கள், அது இல்லாமல் கொடுத்த பணம் கணக்கில் சேராது. கரும்பலகை சொன்ன கரைதலுக்குப் பதில் ஓராண்டுத் திட்டமாக எடுக்காமல் இருப்பதுதான். தொடரும் திட்டமாகப் பதிந்தால், தொடங்கிய நிதியாண்டு போக இன்னும் மூன்று ஆண்டு வரை போகலாம்.

#12 மணல்தொட்டி

மூன்று ஆண்டு என்றால் என் வாதம் இன்னும் பலமாகிறது. இன்று மூன்று வயதில் இருப்பவர் அதற்குள் ஒன்றாம் வகுப்பில் நிற்பார். அவருக்கு முகாமே தேவைப்படாமல் போகலாம். பேரேட்டில் அங்கன்வாடிக்கு ஒரு வரிகூட இல்லையே?

#13 ஏரிக்கரை

இதுவரை எடுத்துக்கொண்டவை: நாள்கூலி 300, பணம் நாள் கணக்கில், வெளியாள் மறுசோதனை, பேச்சு வடிவத்துக்கு எழுத்துப்பூர்வ விதி, உகர வரிசை தனி, 60 சொல் கிடையாது, பள்ளிகள் பத்துப் பத்தாக இரண்டு அணி. பள்ளி நேரத்தில் 150 மணி எடுப்பதற்கு வட்டாரக் கல்வி அலுவலர் ஒத்துக்கொள்வாரா என்பதில் கரும்பலகை சார் என்ன சொல்கிறீர்கள்?

#14 கரும்பலகை

நான் இன்னும் எதிர்ப்பக்கம்தான். ஆனாலும் நடத்தப்போகிறீர்கள் என்றால் உருப்படியாக நடத்துங்கள். வட்டாரக் கல்வி அலுவலரிடம் அனுமதிக் கடிதம் மட்டும் வாங்கினால் போதாது. வட்டார வள மையத்து ஆசிரியர் பயிற்றுநர் ஒருவரை முகாமில் ஐந்து நாளாவது பாடம் நடத்த வையுங்கள், ஹரியானாவில் அதுதானே வேலை செய்தது என்கிறீர்கள். எண்ணும் எழுத்தும் பயிற்சி நூல் அந்த நேரத்தில் ஓடாது என்பதை அவர் ஒப்புக்கொண்டு எழுதட்டும், இல்லாவிட்டால் ஆசிரியர் இரண்டு பதிவேடு வைக்க வேண்டி வரும். முகாமுக்கென்று தனிப் பதிவேடு எதுவும் தலைமையாசிரியர் மேல் விழக் கூடாது.

நாட்காட்டி. ஜூனில் வைக்காதீர்கள்: சேர்க்கை, புத்தகம், சீருடை. முதல் சுற்று ஜூலை. இரண்டாவது ஆகஸ்டில் தொடங்கி, முதல் பருவத் தேர்வுக்கு முன் வரை. மூன்றாவது அக்டோபர் கடைசியில் தொடங்கி நவம்பர் வரை இழுக்கும், மழை விடுமுறைக்கு நாலைந்து நாள் சேர்த்தே போடுங்கள். நாலாவது பொங்கலுக்குப் பிறகு. ஐந்தாவதுக்கு இடமில்லை. மார்ச், ஏப்ரலில் தேர்வும் ஆண்டிறுதி வேலையும்.

#15 நாலாம்படி

ஐந்தாவதை மே மாதம் வைக்கலாம். உத்தரப் பிரதேசத்து 50 நாளிலும் கடைசிப் பத்து நாள் கோடை முகாம்தான். பள்ளி நேரத்தில் 40 நாள், 120 மணி என்று உங்கள் ஐந்தில் ஒரு பங்கும் குறையும்.

#16 கரும்பலகை

மே மாதம் மதிய உணவு கிடையாது, காலை உணவும் கிடையாது. மூன்று மணி நேரம் வெறும் வயிற்றில் உட்காருமா பிள்ளை? அந்தச் செலவு பேரேட்டில் இல்லை.

#17 கணக்குப்பேரேடு

720 பேருக்கும் பத்து நாள், 25 ரூபாய் வீதம் என்றால் 1,80,000. கையில் மிச்சம் 1,30,000. இடிக்கிறது.

அதுவரை ஆரம்பம்-எழுத்து நிலையிலேயே நிற்கும் பிள்ளைகளுக்கு மட்டும் கோடை முகாம் என்று வைத்தால், முதல் சோதனையில் வரக்கூடிய உத்தேசம் பள்ளிக்கு 14 பேர், 280 பேர், 70,000. நாலு முகாமுக்குப் பிறகு அதைவிடக் குறைவாகத்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு பிரச்சினை. வெளியாள் மறுசோதனை, பள்ளிக்கு ஒரு நாள், 800 ரூபாய், ஆண்டுக்கு இரண்டு தடவை: 32,000. மிச்சம் 28,000.

#18 மணல்தொட்டி

அந்த 28,000ஐ இருபது அங்கன்வாடிக்குப் பிரித்தால் மையத்துக்கு 1,400. ஆள் போட முடியாது. படம் பெரிதாக இருக்கும் கதைப்புத்தகம் ஐந்தாறு, கோக்கும் மணி ஒரு பை, குழந்தை எட்டும் உயரத்தில் சுவரில் கரும்பட்டை அடிக்கப் பெயிண்ட். கதைப்புத்தகம் பீரோவுக்குள் போகக் கூடாது, கயிறு கட்டித் தொங்கவிட வேண்டும். கிழியும். கிழிவதற்கும் சேர்த்து வாங்குங்கள்.